கூட்டு ஒப்பந்தமா, சம்பள நிர்ணய சபையா?

தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளத்தை முடிவு செய்ய இலங்கை மலையகம் இரண்டு வழிகளைப் பார்த்துவிட்டது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு வந்தது கூட்டு ஒப்பந்தம். 2021இல் கம்பனிகள் அதைவிட்டு விலக, சம்பள நிர்ணய சபை முன்னுக்கு வந்தது.

ஒப்பந்த மேசையில் ஒரு பக்கம் முதலாளிமார் சம்மேளனம், மறுபக்கம் கையெழுத்திடும் ஒரு சில சங்கங்கள். மற்றச் சங்கங்களுக்கு அங்கே இடமில்லை. கொழும்பில் எல்லாம் முடிந்த பிறகுதான் தோட்டத்துக்குச் செய்தி வரும். 2016இல் 730 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500தான். மீதியில் பெரும்பங்கு வேலைக்கு ஒழுங்காக வருவதற்கும் கூடுதல் தேயிலைக் கொழுந்து பறிப்பதற்கும். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால், கொழுந்து குறைந்த மாதங்களில் அந்த மீதி கைக்கு வராது என்று அன்றே சொல்லியிருப்பார்கள். ஆனாலும் சம்பளமும் வேலை நிபந்தனையும் அங்கே சேர்ந்தே பேசப்பட்டன. தோட்ட நிர்வாகியான துரையிடம் போய்ப் பேச தோட்டத்துச் சங்கத் தலைவருக்கு அது ஒரு பிடி.

சபை 1941ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிற்பது. இரு தரப்புப் பிரதிநிதிகளோடு அமைச்சர் நியமிப்பவர்களும் இருப்பார்கள். பெரும்பான்மை வாக்கால் முடிவெடுத்து, அரசிதழான வர்த்தமானியில் போட்டு ஆட்சேபம் கேட்பார்கள். கம்பனிகள் எதிர்த்தும் 2021இல் 1000 ரூபாய் வந்தது இந்த வழியில்தான். சட்டமாகிவிட்டால் சிறு சங்கத்து ஆளுக்கும், சங்கமே இல்லாதவருக்கும் அது பொருந்தும். இது பெரிய விஷயம். 2024இல் 1700 என்ற அறிவிப்பை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தி, பிறகு 1350இல் வந்து நின்றதும் உண்மைதான். அதற்காக இந்த வழியைக் கைவிடக் கூடாது.

இதன் பெரிய குறை வேறு. சபை ரூபாயைத்தான் பேசுகிறது, கிலோவைப் பேசுவதில்லை. ஆயிரம் வந்ததும் பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் சம்பளத்துக்கு, பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். எடுக்க முடியாதவருக்கு அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். அப்புறம் எங்கே ஆயிரம்?

என் தெரிவு சபைதான். ஆனால் வர்த்தமானிக்கு முன்பே அது தோட்டத்துக்கு வர வேண்டும். 2016இல் அரசியலமைப்புக்காக மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். சம்பளத்துக்கும் அப்படிக் கேட்கலாம். தமிழில், பறிக்கும் பெண்களிடமே, கிலோவையும் சேர்த்து. அதையும் ஞாயிற்றுக்கிழமையில் வைக்க வேண்டும். வேலை நாளில் வைத்தால் பேச வருகிறவருக்கு அன்றைய பேர் போய்விடும்.