விஎம்95இ-யா, 2எம் ரெட்டா? 78 தட்டும் வைத்திருப்பவருக்கு

டர்ன்டேபிளுக்கு முதல் நல்ல கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சிக்னலாக மாற்றும் சிறு பாகம்) என்றால் பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டில் வந்து நிற்கும். நான் எடுத்தது ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95இ. ஆர்டோஃபோன் 2எம் ரெட்டைக் கோவையில் நண்பர் வீட்டில் சில மாலைகள் கேட்டதோடு சரி. அதனால் ஒலியைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன். ரெட்டில் குரல் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. ஆனால் அதன் வெளியீடு 5.5 மில்லிவோல்ட், விஎம்95இ-க்கு 4. சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாக இருப்பதுபோல் தோன்றும்.

மாட்டுவதில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டிலும் திருகுக்கு மரை உடலிலேயே இருக்கிறது, நட்டு தேட வேண்டாம். ஊசி அழுத்தம் ரெட்டுக்கு 1.8 கிராம், விஎம்95இ-க்கு 2. கோணம் சரிபார்க்கும் அட்டையான ப்ரோட்ராக்டரில் நேர் பார்க்கும்போது கார்ட்ரிட்ஜ் உடலின் விளிம்பைப் பார்க்காமல், ஊசியைத் தாங்கும் கான்டிலீவரைப் பாருங்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது ஊசிதான். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசினால் மூடியிட்ட டர்ன்டேபிளிலும் புழுதி ஏறும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் பின்னாலிருந்து முன்னால் மட்டும் பிரஷ்ஷை இழுத்துத் துடைக்கிறேன். அப்படியும் ஊசி தேயத்தான் செய்யும். விஎம்95இ ஊசிக்கு நிறுவனம் சொல்லும் ஆயுள் 300 மணி நேரம். நன்றாகப் பராமரித்தால் 1000 மணி வரை வரும் என்கிறது ஆர்டோஃபோன். இந்த இடத்தில் ரெட் முந்துகிறது. ரெட்டின் உடலில் 2எம் புளூ ஊசியும் பொருந்தும்.

ஆனால் விஎம்95 உடல் ஒன்று இருந்தால் கோனிக்கல், எலிப்டிக்கல், மைக்ரோலீனியர், ஷிபாட்டா என்று முனை வடிவம் வேறான ஊசிகள் எல்லாம் அதிலேயே மாறி மாறி ஏறும். மைக்ரோலீனியர் ஊசிக்கு ஆடியோ-டெக்னிகாவே 1000 மணி நேரம் சொல்கிறது. எனக்கு அதைவிட முக்கியம் நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுக்கான எஸ்பி ஊசி. எங்கள் வீட்டில் செம்பை வைத்தியநாத பாகவதரின் பழைய தட்டுகள் இருக்கின்றன. அவற்றின் பள்ளம் அகலம். எல்பி (33 சுழற்சி) தட்டுக்கான ஊசியை வைத்தால் அது அடியில் போய் உட்கார்ந்து இரைச்சலைத்தான் பொறுக்கும். 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள எஸ்பி ஊசி பள்ளத்தின் சுவரில் நிற்கும், குரல் மேலெழுந்து வரும். பழைய ஊசியை உருவி இதைச் செருகினால் போதும், திருகைத் தொட வேண்டாம், நேர் பார்த்தது கலையாது. ஆர்டோஃபோனிலும் 2எம் 78 உண்டு, அதை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. எஸ்பி ஊசிக்கு அழுத்தம் 5 கிராம். மறுபடி எல்பிக்குத் திரும்பும்போது எடையைக் குறைக்க மறந்தால் தட்டும் ஊசியும் பாழ். எடை டயலை நம்பாமல் ஒவ்வொரு முறையும் சின்ன டிஜிட்டல் தராசில் எடை பார்த்துவிடுங்கள்.

78 தட்டே இல்லாதவர், பணமும் தாங்கும் என்றால், ரெட்டை எடுக்கட்டும். இருப்பவருக்கு விஎம்95. அதற்குமுன் உங்கள் டர்ன்டேபிளில் 78 வேகம் இருக்கிறதா, கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன் ஆர்மில் ஊசி அழுத்தம் 5 கிராம் வரை போகுமா என்று பார்த்துவிடுங்கள்.