அந்தத் தட்டைக் கொஞ்சம் ஆற விடுங்களேன்

திருமண நாளுக்கு அந்த ஸ்டேக்ஹவுஸுக்கு, அதாவது ஸ்டேக் என்ற தடித்த மாட்டிறைச்சித் துண்டைச் சுட்டுத் தரும் உணவகத்துக்கு, போகலாமா என்று நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். போகலாம், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். நான் அனுப்பிய குரல் பதிவு பதினொரு நிமிடம் ஓடியது. அதில் ஒன்பது நிமிடம் தட்டைப் பற்றி. "சாப்பாடு எப்படின்னு கேட்டா தட்டைப் பத்தியே பேசறீங்களே" என்றார். சரி, எழுதியே விடுகிறேன்.

ஆறு வருடமாகப் போகிறேன். வருடத்துக்கு இரண்டு முறை, சில வருடம் மூன்று. கடையின் பெயர் வேண்டாம். வெள்ளை மேசைவிரிப்பு, மங்கிய விளக்கு, கத்தியை மரப்பெட்டியில் வைத்து நீட்டுகிற ரகம் என்றால் புரிந்துவிடும். நான் சொல்வது எப்போதும் ரிப்ஐ என்ற விலாப்பகுதித் துண்டு, எப்போதும் மீடியம் ரேர், அதாவது நடுவில் ரோஜா நிறம் மாறாத பதம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இறைச்சி அபாரம். 35 நாள் ட்ரை ஏஜிங் செய்தது. உறைநிலைக்குச் சற்று மேலே, காற்று ஓடிக்கொண்டிருக்கும் குளிர் அறையில், எதையும் போர்த்தாமல் அப்படியே வைத்திருப்பார்கள். நாள் ஆக ஆக நீர் வற்றும். இறைச்சியிலேயே இருக்கும் என்சைம்கள் தசைநார்களை மெல்லத் தளர்த்திக்கொண்டே வரும். வெளிப்புறம் கறுத்துக் காய்ந்து பட்டைபோல ஆகிவிடும், அதைச் செதுக்கி எறிய வேண்டும். நீரும் போய், செதுக்கியதும் போய் மிஞ்சுவதைத்தான் நமக்கு விற்கிறார்கள். பில்லைப் பார்த்து வயிறெரியும்போதெல்லாம் இதை நினைத்துச் சமாதானம் ஆகிறேன். வாயில் வைத்தால் வறுத்த கொட்டையும் பழைய சீஸும் கலந்த மாதிரி ஒரு வாசம் மூக்கின் பின்பக்கமாக ஏறும். வேறெங்கும் எனக்கு அது கிடைத்ததில்லை.

அதிலும் ரிப்ஐயின் வெளி ஓரத்தில் பிறை மாதிரி வளைந்து கிடக்கும் 'கேப்' என்ற பகுதி இருக்கிறதே, அதைக் கடைசிக்கென்று ஒதுக்கி வைப்பேன். நடுப்பகுதியைவிடத் தளர்ந்த நார், இடையிடையே கொழுப்பு. குழந்தைகள் கேக்கில் செர்ரிப் பழத்தை ஒதுக்கி வைப்பது போலத்தான். இந்த ஒதுக்கி வைக்கும் பழக்கமே எனக்கு வினையானது.

தட்டுக்கு வருவோம்.

சர்வர் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வருவார். "தட்டு சூடு சார், தொட்டுடாதீங்க" என்பார். வைத்தவுடன் ஓரத்தில் வெண்ணெய் நுரைத்துப் பொங்கும், ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வரும், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முதல் வருடம் நானும் பெருமையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது முறைதான் உறைத்தது. வெண்ணெய் அப்படிப் பொரிகிறது என்றால் தட்டு நூறு டிகிரிக்கு மேல் இருக்கிறது. அதாவது என் ஸ்டேக் இன்னும் அடுப்பில்தான் இருக்கிறது.

மீடியம் ரேர் என்பது நடுவில் ஏறக்குறைய 54 முதல் 57 டிகிரி செல்சியஸ். அறுபதைத் தாண்டினால் மீடியம். இடையில் இருப்பது நாலைந்து டிகிரிதான், ஆனால் நான் காசு கொடுப்பதே அந்த நாலைந்து டிகிரிக்குத்தான். தணலிலிருந்து எடுத்த பிறகும் வெளிச்சூடு உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், தெரிந்த சமையல்காரர் சில டிகிரி முன்பாகவே எடுத்து ஆற வைப்பார். இங்கேயும் எடுக்கிறார்கள், பதமாகவே எடுக்கிறார்கள். எடுத்ததைக் கொண்டுபோய்க் கொதிக்கும் தட்டில் போடுகிறார்கள். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள். 35 நாள் பொறுத்த சமையலறைக்கு ஐந்து நிமிடம் பொறுக்கவில்லை.

முதல் நாலு துண்டு சொர்க்கம். பிறகு, வெட்டிய முகம் தட்டில் படப்பட ரோஜா நிறம் மங்கி, கடைசியில் நான் ஒதுக்கி வைத்த கேப் சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருக்கும். வேகமாகச் சாப்பிட்டால் தீர்ந்தது என்பார் மனைவி. இரண்டு மணி நேரம் உட்காரத்தான் அங்கே போகிறோம் என்பேன் நான்.

நான்காம் வருடம் கொஞ்சம் எல்லை மீறிவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். சமையலறை வெப்பமானி ஒன்றைச் சட்டைப் பையில் கொண்டுபோனேன். "இதையும் எடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்று மனைவி மேசைக்கடியில் காலை மிதித்தார். தட்டு வந்தபோது நடுவில் 55. ஏழு நிமிடம் கழித்து 62. அந்த மங்கிய வெளிச்சத்தில் எதுவுமே மீடியம் ரேராகத் தெரியும் என்பதால் செல்போன் விளக்கையும் அடித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

சர்வரிடம் சொன்னேன். நல்ல மனிதர், எங்கள் பெயர், எந்த மூலை மேசை பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதிக சூட்டில் போட்டாத்தான் சார் சாறு உள்ளேயே பூட்டிக்கும்" என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பரப்பிய கருத்து இது. தவறென்று எப்போதோ சோதித்துக் காட்டிவிட்டார்கள். கடுஞ்சூட்டில் மேற்பரப்பு பழுப்பேறி வாசமும் ருசியும் கூடும், அது மெய்யார்டு வினை, அது மறுக்க முடியாத நன்மை. ஆனால் சாறு பூட்டிக்கொள்வதெல்லாம் இல்லை. ஸ்ஸ்ஸ் என்று சத்தம் வருகிறது என்றாலே நீர் வெளியேறி ஆவியாகிறது என்றுதான் பொருள். இதை எல்லாம் அவரிடம் சொல்லவில்லை. தலையாட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார்?

(நண்பர் கேட்ட இன்னொன்றுக்கும் இங்கேயே பதில்: தட்டில் வடியும் சிவப்பு நீர் ரத்தம் அல்ல. மயோகுளோபின் என்ற தசைப் புரதம் கலந்த நீர் அது. தைரியமாகச் சாப்பிடலாம்.)

மற்றதெல்லாம் சுருக்கமாக. பிரெட் நன்றாக இருக்கும். உருளைக்கிழங்கு பரவாயில்லை. டெண்டர்லாயின் என்ற முதுகுப்பக்கத் துண்டு மென்மை, அவ்வளவுதான். விலங்கு அதிகம் வேலை வாங்காத தசை அது, மென்மை அதனால் வருவது. ஆனால் ருசிக்கு ரிப்ஐ பக்கத்தில்கூட நிற்காது. மெனுவில் போட்டிருக்கும் எடை சமைப்பதற்கு முந்தையது, எலும்போடு வாங்கினால் எலும்பும் அதில் சேர்த்தி. இனிப்பு வரை நான் போனதே இல்லை.

இப்போது போன மாதக் கதை. முன்பதிவு செய்யும்போதே "சூடான தட்டு வேண்டாம், தயவுசெய்து வேண்டாம்" என்று சொல்லியிருந்தேன். வந்தார் புது சர்வர், இளைஞர். கையில் துணி இல்லை. தட்டைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. ஆறு வருடத்தில் முதல் முறை! சத்தம் இல்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவில் வெட்டினால் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே ரோஜா நிறம். மனைவியைப் பார்த்து ஜெயித்துவிட்டேன் என்று புருவத்தைத் தூக்கினேன்.

பத்து நிமிடத்தில் தட்டில் வழிந்த கொழுப்பு வெள்ளையாக உறையத் தொடங்கியது. மாட்டுக் கொழுப்பு உடல் சூட்டிலேயே முழுதாக உருகாது, குளிர்ந்த பீங்கானில் எவ்வளவு நேரம் தாங்கும்? கேப் வரை வந்தபோது நிறம் அப்படியே இருந்தது, பதம் அப்படியே இருந்தது, வாயின் மேலண்ணத்தில் மெழுகு பூசினது போல ஒட்டியது. "எப்படி இருக்கு சார்?" என்று அந்தப் பையன் ஆவலாக வந்து நின்றான். பிரமாதம் என்றேன். வேறென்ன சொல்வது, கேட்டு வாங்கியது நான்தானே.

எனக்குக் கோபம் அதிகமானதும் அன்றுதான். கொதிக்கிற தட்டுக்கும் சில்லிட்ட தட்டுக்கும் நடுவில், கையால் பிடிக்கிற சூட்டில், வெதுவெதுப்பான தட்டு என்று ஒன்று உண்டு. ஒரு மாத காலம் ஈரப்பதம் பார்த்து, காற்றோட்டம் பார்த்து இறைச்சியைப் பக்குவப்படுத்தத் தெரிந்தவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது. தெரிந்தும் அந்தச் சத்தத்துக்காகத்தான் கொதிக்க வைக்கிறார்கள். வேண்டாம் என்பவனுக்கு அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே நீட்டுகிறார்கள்.

ஆகவே நண்பரே, நான் சாப்பிட்டதிலேயே சிறந்த ரிப்ஐ அங்கேதான், திருமண நாளுக்கு அங்கே போக வேண்டாம். நீங்களும் என்னைப் போல நிதானமாகச் சாப்பிடுகிற ஆள், பாதியில் முகம் சுருங்கும், எதிரில் இருப்பவருக்கு மாலை பாழாகும். பிடிவாதமாகப் போவதென்றால் வேறொரு வார நாளில், கூட்டம் சேர்வதற்கு முன் போங்கள். கேப்பை முதலில் சாப்பிட்டுவிடுங்கள். போன் செய்யும்போது சூடு வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வெதுவெதுப்பாக வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டு முறை சொல்லுங்கள். உட்கார்ந்த பிறகு ஒரு முறை.