பர்லிங்டனா, மான்ட்பீலியரா?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் குடியேற நினைப்பவர்கள் பலர் கடைசியில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

நிலப்பரப்பு: இரண்டுக்கும் ஏறக்குறைய 10 சதுர மைல்.

மக்கள்தொகை (2020):
பர்லிங்டன் 44,743. மாநிலத்திலேயே பெரிய நகரம்.
மான்ட்பீலியர் 8,074. நாட்டின் மாநிலத் தலைநகரங்களிலேயே சிறியது. தலைநகரம் என்று பேர், ஒரு மெக்டொனால்ட்ஸ்கூடக் கிடையாது!

தண்ணீர்: பர்லிங்டன் சாம்ப்ளேன் ஏரியின் கிழக்குக் கரையில், மேட்டில் ஏறிப் போகும் ஊர். சாயங்காலம் கரையில் உட்கார்ந்தால், அக்கரையில் நியூயார்க் மாநிலத்து அடிரான்டாக் மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கும். மான்ட்பீலியர் பள்ளத்தாக்கில், வினூஸ்கி ஆற்றோரம். பொன்முலாம் பூசிய சட்டமன்றக் குவிமாடமும் அதன் பின்னே காட்டுக்குன்றும் அழகுதான். ஆனால் கடைத்தெரு ஆற்றை ஒட்டியே இருக்கிறது. 2023 ஜூலை வெள்ளத்தில் அங்கே கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

வேலை: பர்லிங்டனில் பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனை. மான்ட்பீலியரில் அரசு அலுவலகங்கள்.

மாணவர்களுக்கும் அடிக்கடி விமானம் ஏறுபவர்களுக்கும் பர்லிங்டன். அரசு வேலையும் அமைதியும் போதும் என்றால் மான்ட்பீலியர்; வீடு மட்டும் மேட்டில் பாருங்கள். சரி, ஏரி பார்க்கத் தோன்றினால்? 89ஆம் எண் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம்தான்.