முழங்கால் வலிக்கு ஒரு பில்

மார்கழிக்கு ஊருக்கு வந்தால் கச்சேரியைப் பற்றியும் சபா கேன்டீனைப் பற்றியும்தான் எழுதுவது வழக்கம். இந்த முறை எழுத வைத்தது ஓர் ஆஸ்பத்திரி கவுன்ட்டர்.

எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் திடீரென்று தாளம் தப்பித் துடிக்கும், அப்புறம் தானே அடங்கும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டு. அதோடு நான் வசிக்கும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டாக்டர் எழுதித் தந்த இன்னொரு மருந்து உடற்பயிற்சி. "கொஞ்சம் நடங்க சார்" என்கிற உபசாரம் இல்லை. வாரத்துக்கு எத்தனை நிமிடம், எவ்வளவு மூச்சு வாங்க வேண்டும் என்று சீட்டிலேயே இருக்கும். 2021இல் அந்த ஊர் ஆய்வாளர்கள் 120 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனையின் முடிவைச் சொன்னார்கள். ஆறு மாதப் பயிற்சி, ஏற்றி ஏற்றி வாரம் 210 நிமிடம் வரை. ஓராண்டு கழித்துக் கோளாறு திரும்பாதவர்கள் பயிற்சி செய்தவர்களில் 40 சதவீதம், செய்யாதவர்களில் 20.

ஆகவே மூன்று வாரம் மருந்தை நிறுத்த மனசில்லை. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பார்க் காலை நடைக்குக் குறையில்லை. பார்க் வரை போய்ச் சேருவதுதான் வித்தை. பெயர்ந்த கல், டிரான்ஸ்பார்மர், பைக், நடுவில் ஒரு இளநீர்க்கடை. இரத்தம் உறையா மாத்திரை சாப்பிடுகிறவன் தடுக்கி விழுந்தால் சிராய்ப்போடு போகாது. அக்கா தெருமுனை வரை கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், என் ஐம்பத்தொன்பது வயதில்!

வாரம் ஒருநாள் சற்று வேகமான சைக்கிள் பயிற்சி. அதை ஆள் பக்கத்தில் இருக்கும்போது செய்யச் சொல்லியிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனேன். டோக்கன், புது ஃபைல், ஃபைலுக்குப் பணம், பணம் கட்டிய ரசீதைக் காட்ட மறுபடி டோக்கன். உங்களுக்குத் தெரியாததா.

"பைபாஸ் எப்போ சார்?"

"பைபாஸ் இல்லம்மா."

"ஸ்டென்ட்டா?"

"அதுவும் இல்ல. துடிப்புக் கோளாறு. எக்சர்சைஸ் பண்ணணும்."

அந்தப் பெண் கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஹார்ட் பேஷன்ட் ரெஸ்ட்தானே சார் எடுக்கணும்?" பக்கத்து நாற்காலிப் பெரியவரும் தலையாட்டினார். அவர் மருமகன் நெஞ்சு வலிக்குப் பிறகு மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கவில்லையாம். அடிலெய்டில் இதே வேலைக்குப் போனில் ஒரு வரி செய்தி வரும், அவ்வளவுதான். இங்கே இரண்டு மணி நேரம். சைக்கிள் ஏறும் முன்பே என் துடிப்பு எகிறியிருந்தது.

கடைசியில் இரண்டாம் மாடி. பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம், பேச்சில் தூத்துக்குடி வாடை. என் சீட்டை முழுதாகப் படித்தாள். நான் பெருமையாகத் துடிப்பை எண்ணும் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். "அதக் கழட்டி வைங்க சார். தாளம் தப்புறப்ப அது சொல்ற எண்ண நம்ப முடியாது. துடிப்பக் குறைக்கிற மாத்திரையும் சாப்பிடுறீங்க. மூச்ச வச்சுத்தான் பாக்கணும். பேச வரணும், பாட வரக் கூடாது." மார்கழி மாதத்தில் மயிலாப்பூரில் வைத்துப் பாடாதே என்று சொன்ன ஒரே ஆள் இவள்தான்.

மிதிக்க விட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள்: எத்தனை பிள்ளைகள், அங்கே மீன் கிடைக்குமா. நான் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியதும் சுமையைக் குறைத்தாள். தலைசுற்றல், நெஞ்சில் அழுத்தம் வந்தால் உடனே நிறுத்தணும் என்றாள். மாரத்தான் ஆசை ஏதும் உண்டா என்று கேட்டாள். வருடக்கணக்கில் மிதமிஞ்சி ஓடுகிறவர்களுக்கும் இதே கோளாறு வருவதுண்டாம். அடிலெய்டில் கருவிகள் சொல்வதை இவள் என் பேச்சை வைத்தே கண்டுபிடித்தாள். நாற்பது நிமிடம், ஒரு தடவைகூடப் போனைத் தொடவில்லை.

கீழே பில் கவுன்ட்டரில் மறுபடி அதே பெண். துடிப்புக் கோளாறுக்கு உடற்பயிற்சி என்று போட அவள் கணினியில் இடமில்லை. மேலே போன் செய்தாள், யாரையோ கூப்பிட்டாள், பெருமூச்சு விட்டாள், அச்சடித்துக் கொடுத்தாள்.

"முழங்கால் வலி, பிசியோ, 1 தடவை."

அடுத்த வாரமும் போனேன். பழக்கத்தில் அவளே கேட்டாள், "அதே முழங்காலா சார்?"