ஃபாஸ்டாக் அடிப்படை வகுப்பு: கல்லூரி கேன்டீனுக்கு எவ்வளவு உதவும்?

சுங்கச்சாவடி ஃபாஸ்டாக் அல்ல இது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2017-இல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தையும் அதே உச்சரிப்பில்தான் சொல்கிறார்கள். கேட்டரிங் பிரிவில் அடிப்படை வகுப்பு 4 மணி நேரம், அடுத்த நிலை 8 மணி நேரம். உரிமம் பெற்ற சமையற்கூடத்தில் 25 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்பது விதி. பல்கலைக்கழக கேன்டீனிலும் விடுதி மெஸ்ஸிலும் வேலை செய்பவர்கள் எதில் தொடங்கலாம் என்று கேட்டால், அடிப்படை வகுப்பில். செலவழிக்கிற அரை நாளுக்குத் தகுந்த சரக்கு அதில் இருக்கிறது. ஆனால் மேனேஜர் போய் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கி வந்தால், சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அதில் ஒன்றும் போய்ச் சேராது.

பாடத்திட்டத்துக்கு அடிப்படை 2011 உரிம விதிமுறைகளின் அட்டவணை 4. கை கழுவுதல், நகம், தலைமுடி, பச்சைக் கறியையும் சமைத்ததையும் பிரித்து வைத்தல், பூச்சி எலி கட்டுப்பாடு, ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை எல்லாம் வந்துவிடும். இந்தப் பகுதி நன்றாக மனதில் நிற்கும். கையுறை விஷயத்தை மட்டும் பயிற்றுநர் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். கையுறை போட்ட கையால் டோக்கன் வாங்கி, கல்லாவில் சில்லறை எடுத்து, அதே கையால் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டால், கழுவாத கைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. வெறுங்கையில் பிசுபிசுப்பு தெரியும், கழுவத் தோன்றும். உறைக்குள் இருக்கும் கைக்கு அது தெரியாது.

வகுப்பில் நேரம் போதாமல் போவது வெப்பநிலையில்தான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமி பெருகும் என்று ஸ்லைடில் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போனால், கல்லூரி கேன்டீன் எங்கே சறுக்குமோ அந்த இடம் விட்டுப்போகிறது. இங்கே வேலை சிறு ஓட்டல் மாதிரி தட்டுத் தட்டாக நடப்பதில்லை. காலை ஐந்து மணிக்கு வைத்த சாம்பார் பதினொன்று வரை ஓடும். இரவு மிஞ்சிய சாதம் காலையில் லெமன் சாதம் ஆகும்.

அந்தச் சாதத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து அரிசியிலேயே இருக்கிறது. உலை கொதித்தாலும் சாகாது. வடித்த சாதத்தை அண்டாவோடு மூடி வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். வித்து முளைத்துப் பெருகி நஞ்சை உமிழும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு தாளிப்புச் சூட்டுக்கெல்லாம் அழியாது. "நல்லா சூடு பண்ணிட்டா சரியாயிடும்" என்று சமையற்கட்டில் எல்லாரும் சொல்வது இந்த இடத்தில் பொய்த்துப் போகும். எலுமிச்சைப் புளிப்பும் காப்பாற்றாது. அது வருவதற்குள் நஞ்சு உருவாகியிருக்கும். சாதம் நீர்விட்டு நூல் பிடிக்கவில்லை, வாடை இல்லை என்பதை வைத்து முடிவு செய்யவும் கூடாது.

ஆறவைப்பதற்கு ஆணையம் சொல்லும் அளவு: முதல் 2 மணி நேரத்தில் 60-இலிருந்து 21 டிகிரி, அடுத்த 2 மணி நேரத்தில் 5 டிகிரி. இருபது லிட்டர் சாம்பாரை அண்டாவிலேயே விட்டால் இது நடக்காத காரியம். அகலத் தட்டுகளில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, தட்டைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் நிறுத்தி, கரண்டியால் அவ்வப்போது கிளற வேண்டும். சாதத்தையும் அதேபோலப் பரப்ப வேண்டும். ஆவி அடங்கியதும் மூடி ஃப்ரிட்ஜுக்குள் வைக்கலாம். கொதிக்கிற பாத்திரத்தை நேராக உள்ளே தள்ளினால் பக்கத்தில் இருக்கும் பாலும் தயிரும் சூடாகும். மறுநாள் எடுக்கும்போது நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட்டு 2 நிமிடமாவது நிற்க வேண்டும், அதுவும் ஒரே ஒருமுறை. இத்தனைக்கும் தட்டு, இடம், பனிக்கட்டி இல்லாத சமையலறை மிச்சத்தைக் கொட்டிவிடுவதே உத்தமம். கணக்குப் பார்க்கிற ஒப்பந்ததாரருக்கு இது கசக்கும்.

டிகிரி பேசுகிற வகுப்பில் தெர்மாமீட்டரை எல்லாரும் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். தேவைப்படுவது குத்திப் பார்க்கும் ஊசி வகை. நெற்றியில் காட்டுவது போன்ற துப்பாக்கி வகை மேல்பரப்பை மட்டுமே அளக்கும். அண்டாவின் அடியில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஊசி சரியா என்று பார்க்க, நொறுக்கிய பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு நடுவில் குத்தினால் 0 காட்ட வேண்டும். கோழிக்குழம்பில் குத்தியதைக் கழுவித் துடைக்காமல் தயிர்சாதத்தில் குத்தினால் கருவியே கிருமியைக் கடத்தும்.

பச்சையாகப் போகிற வெங்காயம், வெள்ளரி, கொத்தமல்லிக்கு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) குளோரின் தண்ணீர் என்கிறார்கள். கேட்பவருக்கு இது மந்திரம் மாதிரி இருக்கும். அளவாகச் சொன்னால்தான் வேலைக்கு ஆகும்: உணவுக்குப் பயன்படுத்தத் தக்க, 4 சதவீதம் என்று குறித்த ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் திரவத்தில் 12.5 மில்லி, 10 லிட்டர் தண்ணீருக்கு. முதலில் மண் போகக் கழுவ வேண்டும். மண்ணும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும். பிறகு ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வாசனை சேர்த்த தரை பிளீச் இதற்கு ஆகாது. வெயில் படும் ஜன்னலில் வைத்த பழைய பாட்டிலில் வீரியம் இருக்காது.

வடைச்சட்டி எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் கெட்டுச் சேரும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. அளக்கும் மீட்டர் இல்லாவிட்டாலும், நுரைத்துப் பொங்கி, கருத்து, கரண்டியில் வழவழவென்று ஒழுகினால் எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.

வகுப்பால் தீராத ஒன்று சம்பளம். வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவைத் தொடக் கூடாது என்பது பல நாடுகளில் புழங்கும் விதி. இதைத் தெரிந்துகொண்டாலும், லீவு போட்டால் இரண்டு நாள் கூலி போய்விடும் என்றால் யார் வாயைத் திறந்து சொல்வார்? விரலில் வெட்டுக்காயம் பட்டு சீழ் வைத்தவரும் அப்படித்தான் கட்டுப் போட்டு மறைத்துக்கொண்டு சட்னி அரைப்பார். உணவை நஞ்சாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி அந்தச் சீழில்தான் இருக்கும். அந்த இரண்டு நாளும் பாத்திரக் கிடங்கிலோ கணக்கிலோ வேலை கொடுத்து முழுக்கூலி தருவதாகக் கல்லூரி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

வகுப்பை ஏற்பாடு செய்பவர்கள் மொழியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒடிசா, பீகார், வங்கத்து ஆட்கள் வேலை செய்யும் சமையலறைக்கு இந்தியும் பேசும் பயிற்றுநர் வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்து இரண்டரைக்கு, பாதிப் பேர் ஒரு நாள், மீதிப் பேர் மறுநாள் என்று வைத்தால் டீ கவுண்டரும் நிற்காது. கருத்தரங்கக் கூடத்தை விட மெஸ்ஸிலேயே நடத்துவது நல்லது. ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டலாம், பச்சைக்கோழி மேல்தட்டில் இருந்தால் அப்போதே கீழே இறக்கலாம்.

சான்றிதழ் 2 ஆண்டுக்குத்தான் செல்லும். இந்தத் தொழிலில் ஆட்கள் அதற்குள் இரண்டு மூன்று கேன்டீன் மாறிவிடுவார்கள். மெஸ் கமிட்டி மாணவர்கள் சுவரில் மாட்டியிருப்பதில் தேதியைப் பார்த்ததும், அந்தப் பெயர்க்காரர் இன்றைக்கு எந்த ஷிஃப்ட் என்று மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள்.