புஷ்-புல் ஆர்.எஃப். பெருக்கியில் ஹார்மோனிக் குறைப்பு: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

எம்ஆர்எஃப்300ஏஎன், எம்ஆர்எஃப்300பிஎன் என்ற இரண்டு எல்டிமாஸ் வகை ஆர்.எஃப். (வானொலி அதிர்வெண்) டிரான்சிஸ்டர்களை, அலையின் ஒரு பாதியை ஒன்றும் மறுபாதியை மற்றதும் பெருக்கும் புஷ்-புல் முறையில் இணைத்து, 50 வோல்ட்டில் இயங்கும் அமெச்சூர் வானொலிக் குறு அலைப் பெருக்கி ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இவ்விரண்டும் மின்தன்மையில் ஒன்றே. கால்களின் வரிசை மட்டும் கண்ணாடிப் பிம்பம்போல் இடம் மாறியிருப்பதால், சர்க்யூட் போர்டில் இரு பக்கத் தடங்களையும் சமச்சீராக வரைய முடிகிறது. திறனைப் பற்றியோ ஆயுளைப் பற்றியோ எனக்குப் பெரிதாகக் குறையில்லை. இங்கே எழுத வந்தது ஹார்மோனிக்குகளை, அதாவது அடிப்படை அலையின் இரண்டு, மூன்று மடங்கு அதிர்வெண்களில் எழும் தேவையற்ற அலைகளைப் பற்றி மட்டுமே.

புஷ்-புல் அமைப்பில் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் தாமாகவே ரத்தாகிவிடும் என்று பாடநூல்கள் சொல்வது கோட்பாட்டளவில் சரி. இரு பக்கங்களும் 180 பாகை எதிர்நிலையில் இயங்கும்போது, இரண்டாம் ஹார்மோனிக் இரு டிரெயின்களிலும் (டிரான்சிஸ்டரின் வெளியீட்டு முனைகள்) ஒரே கட்டத்தில் (ஃபேஸ்) எழுகிறது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் இரு பக்க வேறுபாட்டை மட்டும் எடுத்துச் செல்வதால் அது கழிந்துபோகிறது. ஆனால் நடைமுறையில் இந்தக் கழிவுக்கு ஓர் எல்லை உண்டு. உள்ளீட்டில் கட்ட வேறுபாடு வெறும் 5 பாகை பிசகினால், இரண்டாம் ஹார்மோனிக்கில் அது 10 பாகையாக இரட்டிக்கிறது. அப்போது கிடைக்கும் ரத்து ஏறக்குறைய 21 டெசிபெல்தான். கட்டம் சரியாக இருந்து, இரு பக்க அளவில் 1 டெசிபெல் வேறுபாடு இருந்தாலும் 25 டெசிபெல்லைத் தாண்டாது. ஆகவே சமநிலையிடம் 20 முதல் 25 டெசிபெல் வரை எதிர்பார்ப்பது நியாயம். அதற்கு மேல் பிழிய முயல்வது, என் பார்வையில், நேரத்தை வீணாக்குவது.

ஒற்றைப்படை ஹார்மோனிக்குகளின் கதை வேறு. அவை சமநிலையால் துளியும் குறைவதில்லை. சதுர அலையில் மூன்றாம் ஹார்மோனிக் அடிப்படை அலையைவிட 9.5 டெசிபெல் மட்டுமே தாழ்ந்திருக்கும்; முழுத் திறனுக்கு உந்தப்பட்ட அகலப்பட்டைப் பெருக்கி அந்த நிலையை வெகுவாக நெருங்கிவிடுகிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் எஸ்எம்.329 பரிந்துரை, 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இத்தகைய பெருக்கியுள்ள அமெச்சூர் நிலையத்துக்கு 50 டெசிபெல் தாழ்வை எல்லையாக வைக்கிறது. மிச்சமுள்ள 40 டெசிபெல், வெட்டு அதிர்வெண்ணுக்கு மேலுள்ளவற்றைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டரின் பொறுப்பு என்பதில் பேரத்துக்கு இடமில்லை.

சமநிலையும் ஃபில்டரும் ஒன்றையொன்று தாங்கவேண்டிய இடம், இரண்டு அலைவரிசைகள் ஒரே ஃபில்டரைப் பகிரும்போது வருகிறது. என் பெருக்கியில் 10 மெகாஹெர்ட்ஸும் 14 மெகாஹெர்ட்ஸும் 15 மெகாஹெர்ட்ஸ் வெட்டு அதிர்வெண் கொண்ட ஒரே ஃபில்டர் வழியாகச் செல்கின்றன. 14 மெகாஹெர்ட்ஸின் இரண்டாம் ஹார்மோனிக் 28இல் விழுவதால் கவலையில்லை, ஆனால் 10.1இன் இரண்டாம் ஹார்மோனிக் 20.2இல், வெட்டு அதிர்வெண்ணுக்கு மிக அருகில் நிற்கிறது. 0.1 டெசிபெல் சிற்றலை (கடத்தும் பகுதியில் வரும் சிறு ஏற்ற இறக்கம்) கொண்ட, செபிஷெவ் என்ற வகையைச் சேர்ந்த ஐந்து உறுப்பு ஃபில்டர் அந்த இடத்தில் கணக்குப்படி 13 டெசிபெல்தான் தருகிறது. ஏழு உறுப்பு வைத்தால் 27 கிடைக்கிறது. முதலில் இருந்த ஐந்து உறுப்பு ஃபில்டரை நான் மாற்றியதற்கு இதுவே காரணம். இடம் குறைவாக இருப்பவர்கள், 20.2இல் ஒரு பள்ளம் விழும்படி நீள்வட்ட வகை ஃபில்டரை அமைத்துக்கொள்ளலாம்.

வடிவமைப்பில் அதிகப் பலன் தந்தது, டிரெயின்களுக்கு மின்சாரம் ஊட்டும் சோக் (தூண்டல் சுருள்). இரு டிரெயின்களுக்கும் தனித்தனிச் சோக் வைப்பதற்குப் பதிலாக, ஒரே ஃபெரைட் உள்ளகத்தில் இரு கம்பிகளையும் சேர்த்துச் சுற்றும் பைஃபைலர் முறையைக் கையாண்டேன். மோட்டோரோலாவில் பணியாற்றிய ஹெல்கே கிரான்பெர்க்கின் பெருக்கிகள் வழியாகப் பரவலான முறை இது. எதிர்நிலையில் ஓடும் அடிப்படை அலைக்கு இந்தச் சோக் உயர் மின்மறுப்பாக நிற்கிறது. ஒரே கட்டத்தில் ஓடும் இரண்டாம் ஹார்மோனிக்குக்கோ காந்தப் பாய்வு கழிந்துபோவதால், அலையைத் தரைக்கு இறக்கிவிடும் பைபாஸ் கெப்பாசிட்டருக்குள் நேராக இறங்கும் வழி கிடைக்கிறது. அந்தக் கெப்பாசிட்டரின் கால்கள் நீண்டிருந்தால் பலன் பாதியாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, டிரான்ஸீவரிலிருந்து (அனுப்பவும் பெறவும் உதவும் வானொலிக் கருவி) வரும் உள்ளீடே சுத்தமாக இருக்கவேண்டும் என்பது. உள்ளீட்டில் ஏற்கெனவே கலந்துள்ள இரண்டாம் ஹார்மோனிக், உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இரு கேட்டுகளுக்கும் (டிரான்சிஸ்டரின் உள்ளீட்டு முனைகள்) எதிர்நிலையிலேயே போய்ச் சேர்கிறது. அடிப்படை அலை எப்படிப் பெருக்கப்படுகிறதோ அப்படியே அதுவும் பெருக்கப்படும்; சமநிலை அதைத் தொடவே தொடாது. வெளியீட்டில் காரணம் தெரியாத இரண்டாம் ஹார்மோனிக் தென்பட்டால், பெருக்கியைக் குறைசொல்வதற்கு முன் உள்ளீட்டை அளந்து பார்ப்பது நல்லது.

அளவீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதிர்வெண் வாரியாக அலைகளைக் கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரின் முன்னால், அலையைத் தணிக்கும் இன்னொரு 10 டெசிபெல் அட்டெனுவேட்டரைச் சேர்த்துப் பாருங்கள். எல்லாக் கோடுகளும் சரியாக 10 இறங்கினால் அளவு உண்மை; இரண்டாம் ஹார்மோனிக் மட்டும் 20 இறங்கினால், திரையில் தெரிந்தது அனலைசர் தானே உண்டாக்கிய ஹார்மோனிக்.

நீண்ட காலப் பயன்பாட்டில் நான் கண்டுகொண்ட பயனுள்ள செய்தி ஒன்று உண்டு: இரண்டாம் ஹார்மோனிக்கின் அளவு, பெருக்கியின் உடல்நிலையைத் திறன்மானிக்கு முன்பே சொல்லிவிடுகிறது. ஒரு சமயம் வெளியீட்டுத் திறன் மாறாமலிருக்க, ஃபில்டருக்கு முன் எடுத்த அளவில் இரண்டாம் ஹார்மோனிக் மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்தது. இரு டிரான்சிஸ்டர்களின் ஓய்வு மின்னோட்டத்தையும் தனித்தனியே அளந்தபோது, ஒன்று மற்றதைவிடத் தெளிவாக விலகியிருந்தது. அந்தப் பக்கத்தில் வெப்பப் பசை காய்ந்து, டிரான்சிஸ்டர் அதிகம் சூடாகி, அதன் பயாஸ் (ஓய்வு மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் அமைப்பு) நகர்ந்திருந்தது. பசையைப் புதுப்பித்து, இரு பயாஸ்களையும் மீண்டும் சமன்செய்ததும் அளவு பழைய இடத்துக்கு இறங்கியது. இரு கேட்டுகளுக்கும் தனித்தனிப் பயாஸ் சீரமைப்பு இல்லாத சர்க்யூட் போர்டுகளை வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

குறைகளும் இருக்கின்றன. 1.8 மெகாஹெர்ட்ஸில் ஃபெரைட் உள்ளகத்தின் காந்தப் பாய்வு உச்சத்தில் இருப்பதால், நீண்ட ஒலிபரப்பில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிறது. உள்ளகம் செறிவை நெருங்கும்போது மூன்றாம் ஹார்மோனிக்கும் ஏறுகிறது. அந்த அலைவரிசையில் திறனைக் குறைத்தே இயக்குகிறேன். மறுமுனையான 50 மெகாஹெர்ட்ஸில், கசிவுத் தூண்டலாலும் சிதறு மின்தேக்கத்தாலும் சமநிலை மிகவும் தளர்ந்துவிடுகிறது. அங்கே இரட்டைப்படை ரத்தைக் கணக்கிலேயே எடுக்காமல், தனி ஃபில்டர் ஒன்றை அந்த அலைவரிசைக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். பெருக்கிக்கும் ஃபில்டருக்கும் இடையிலுள்ள கோஆக்ஸ் கேபிளின் நீளமும் விளையாட்டுக் காட்டுகிறது: ஃபில்டர் திருப்பியனுப்பும் ஹார்மோனிக்குகள் எந்தக் கட்டத்தில் டிரெயினை அடைகின்றன என்பதைப் பொறுத்துத் திறனும் செயல்திறனும் மாறுகின்றன. ஹார்மோனிக்குகளைத் திருப்பாமல் 50 ஓம் சுமையில் எரித்துவிடும் டைப்ளெக்ஸர் இதற்குச் சரியான மருந்து; எல்லா அலைவரிசைகளுக்கும் அதைக் கட்டுவது பெரிய வேலை என்பதால், முதலில் 28 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டும் கட்டிப் பார்க்க உத்தேசித்திருக்கிறேன்.