ஒயில் மீற்றர் முள் விழுந்தது, 86,500 ரூபாய் போனது: பழைய வாகனம் வைத்திருப்பவர்கள் கவனம்

86,500 ரூபாய். நேற்று ராத்திரி முழுக்க இந்தத் தொகைதான் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 1993ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கேப், த்ரீ எல் என்கிற மாடல் டீசல் எஞ்சின். நுவரெலியாவில் கரட், லீக்ஸ் ஏற்றி ஹட்டனுக்குக் கொண்டுபோவேன். மூன்று வாரத்துக்கு முன் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏற்றத்தில் ஒயில் பிரஷரைக் காட்டுகிற மீற்றரின் முள் பொசுக்கென்று அடியில் போய்ப் படுத்தது. இரண்டு வளைவு தாண்டியதும் தானாக எழுந்தது. மறுபடி விழுந்தது. எஞ்சினில் தட்டுச் சத்தம் இல்லை. ஒயில் குச்சியை எடுத்துப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது. ஆனாலும் பயம். ஒயில் பிரஷர் இல்லாமல் ஓடினால் பேரிங் தேய்ந்து எஞ்சினே இறுகிவிடும் என்பது யாருக்குத்தான் தெரியாது.

நேரே கராஜுக்குப் போனேன். பெயர் போட மாட்டேன். மெயின் ரோட்டோரம், ஜப்பான் வாகனம் மட்டும் பார்ப்பதாகப் பலகை மாட்டிய கராஜ், அவ்வளவுதான். பாஸ் குச்சியிலிருந்த ஒயிலை உள்ளங்கையில் தடவி டார்ச் அடித்துக் காட்டினார். "மினுங்குது பாத்தீங்களாண்ணே, பேரிங் பொடி. பம்ப் போயிருச்சு. இன்னும் ரெண்டு தரம் மலை ஏறினா எஞ்சின் மிஞ்சாது."

நான் பேசாமல் நின்றேன். அதைப் பார்த்துவிட்டு, "காசு இல்லாட்டி பாதியக் குடுங்க, மிச்சம் அப்புறம் பாப்போம். உங்க தொழில் நிக்கக்கூடாது" என்றார். இஞ்சி போட்ட ப்ளேன்டீ வந்தது. அந்த ஒரு சொல்லில்தான் விழுந்தேன். என் தொழிலைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற மனுஷனைச் சந்தேகப்படுவதா என்று நினைத்து, பாதி வேண்டாம், முழுதாகவே தருகிறேன் என்று சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்தேன். பம்ப், பேரிங் செட், கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்து 86,500.

நாலு நாள் கழித்து வண்டி வந்தது. மூன்றாவது ட்ரிப்பில், அதே ஏற்றத்தில், அதே முள் மறுபடி விழுந்தது.

போன் எடுத்தேன். "புது பம்ப்புண்ணே, செட்டாக ஒரு வாரம் போகும்." ஒரு வாரம் போனது. "மீற்றர் பழசு, கொழும்புல இருந்து எடுக்கணும், அதுக்கு வேற காசு." அடுத்த தடவை பதுளையில் நிற்பதாகச் சொன்னார். பின்னால் அதே கிரைண்டர் சத்தம், அதே பொடியன் ஸ்பேனர் கேட்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது! அப்புறம் போன் எடுப்பதே இல்லை.

கடைசியில் தோட்ட லொறி ஓட்டி ஓய்வு பெற்ற மாமா ஒருவர்தான் பார்த்தார். எஞ்சினில் ஒயில் பிரஷரை அளந்து மீற்றருக்குச் சொல்கிற சென்சர், அதன் வயரின் ரப்பர் மூடியை நீக்கினார். உள்ளே கிளிப் முழுக்கப் பச்சைக் களிம்பு. எங்கள் ஊர் பனிக்கும் மழைக்கும் ஏறியது. வயரைக் கழற்றினால் இந்த மீற்றரில் முள் அடியில் போய்விடும். வயர் நுனிக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு சின்ன பல்ப் வைத்துத் தொட்டார், முள் மேலே ஏறியது. ஆக மீற்றரும் நல்லது. பிறகு சென்சரைக் கழற்றி, அந்த ஓட்டையில் கையில் வைத்திருந்த பிரஷர் கேஜைப் பூட்டினார். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, அக்சிலேட்டர் மிதிக்காமல் ஐட்லில் 20 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) பக்கம், ரேஸ் பண்ணினதும் 50ஐத் தாண்டியது. சூட்டில் ஒயில் இளகுவதால் ஐட்லில் குறைவாகக் காட்டுவது வழமைதானாம்.

"புது பம்ப்பாவது நல்லா வேலை செய்யுதே" என்றேன். மாமா பதில் சொல்லாமல் எஞ்சினுக்கு முன்னால் டார்ச் அடித்தார். இந்த எஞ்சினில் பம்ப் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கவரைக் கழற்றாமல் அதைத் தொடவே முடியாது. கவர் போல்ட் தலைகளில் மண்ணும் ஒயிலும் காய்ந்து கல் மாதிரி ஒட்டியிருந்தது. பேரிங் மாற்றக் கழற்ற வேண்டிய, அடியிலுள்ள சம்ப் (ஒயில் தொட்டி) போல்ட்டுகளும் அப்படியே. ஒன்றிலாவது ஸ்பேனர் பட்ட தடம் இல்லை.

எதையும் திறக்கவே இல்லை. 86,500 ரூபாய்க்கு ஒயில் மாற்றியிருக்கிறான். களிம்பைச் சுரண்டிப் புதுக் கிளிப் போட எனக்கு ஆன செலவு 150 ரூபாய்.

நேற்று நேரில் போனேன். பழைய பம்ப்பைக் காட்டு என்றேன். "பழைய இரும்புக்குப் போட்டாச்சு." பில்? பார்ட்ஸ் பெட்டி அட்டையைக் கிழித்து 86,500 என்று எழுதிக் கொடுத்ததுதான் பில், கராஜ் பெயர்கூட இல்லை. "வயர் வேலைக்கு நான் பொறுப்பில்ல, எலக்ட்ரிக் பாஸ்கிட்ட காட்டுங்க" என்று முதுகைக் காட்டிவிட்டான். இன்று புது ஒயிலை என் கையில் ஊற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். அதுவும்தான் மினுங்குகிறது.

எப்படிச் சோதிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. முள் விழுந்து தட்டுச் சத்தமும் கேட்டால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்துங்கள். சத்தம் இல்லையென்றால் முதலில் வயரைப் பாருங்கள். கேஜ் பூட்டி உங்கள் கண் முன் காட்டாமல் பம்ப் என்று சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள். சென்சர் புரியில் ஒயில் கசியாமலிருக்கப் போடும் டேப்பை அள்ளிச் சுற்ற விடாதீர்கள், சென்சருக்கு எர்த் (கரண்ட் திரும்பும் வழி) அந்தப் புரி வழியாகத்தான் கிடைக்கிறது. பழைய பார்ட்ஸ் உங்கள் வண்டிக்குள் ஏறிய பிறகு காசு கொடுங்கள்.

அந்த அட்டைத் துண்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை 1977க்கு, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, அழைக்கப் போகிறேன்.